மாமனாருக்கு டிபி, வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. 62 வயது மாமனாருக்கு மூன்று மாதமாக இருமல். சளிப் பரிசோதனையில் டிபி (காசநோய்) என்று உறுதியாகி, மாத்திரை தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. வீட்டில் இரண்டே அறை. வெயில் காலம் என்பதால் எல்லாரும் ஏசி இருக்கும் ஓர் அறையில்தான் படுக்கிறீர்கள். மூன்று வயது மகன் தாத்தாவை ஒட்டியே தூங்கிப் பழகியவன். கணவருக்குச் சர்க்கரை. தட்டு, டம்ளர், சோப்பு எல்லாவற்றையும் தனியாக்கிவிட்டீர்கள். இப்போது மகனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன: இதுவரைக்கும் எங்களுக்கு ஒட்டியிருக்குமா, இனிமேல் ஒட்டுமா, ஒட்டியிருந்தால் என்ன செய்வது? இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் போவதா வேண்டாமா என்பதற்குப் பதில் கிடைக்கும்.

நுரையீரல் நோய் மருத்துவம் படித்து, டிபி நோயாளிகளின் குடும்பங்களோடு பல வருடங்கள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மாமனாரின் எக்ஸ்ரேயையும் உங்கள் பிள்ளையையும் நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் சரியான ஒன்று உங்கள் வீட்டுக்கு மாறிப்போகக்கூடிய இடங்களை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் தட்டு, டம்ளர் விஷயத்தை முடித்துவிடலாம். நுரையீரல் டிபி காற்றில்தான் பரவுகிறது. நோயாளி இருமும்போதும், உரக்கப் பேசும்போதும், பாடும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளிகள் வெளிவருகின்றன. பெரிய துளிகள் அங்கேயே விழுந்துவிடும். மிகச் சிறியவை ஈரம் உலர்ந்து, 1 முதல் 5 மைக்ரான் அளவுத் துகளாகி, மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும். அவற்றை மூச்சில் இழுத்து, அவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேர்ந்தால்தான் தொற்று. சாப்பிட்ட தட்டிலோ, தொட்ட கதவிலோ, துவைக்கிற துணியிலோ ஒட்டியிருக்கும் கிருமிக்கு அங்கிருந்து காற்றறைக்குப் போக வழி கிடையாது. இதை 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பால்டிமோரில் காட்டினார்கள். டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக மாடியில் இருந்த கினிப் பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். அந்தக் காற்றை மட்டுமே சுவாசித்த விலங்குகளுக்குத் தொற்று வந்தது. அதே காற்றைப் புற ஊதா ஒளியில் காட்டி அனுப்பிய கூண்டில் வரவில்லை. ஆகவே பாத்திரத்தைச் சாதாரணமாகக் கழுவினால் போதும். துணியையும் தனியாகக் கொதிக்க வைக்க வேண்டாம். தனித் தட்டு உங்கள் மகனை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை. அந்தப் பெரியவரை மட்டும் வீட்டுக்குள்ளேயே ஒதுக்கி வைத்துவிட்டது. தயவுசெய்து அதை இன்றே விட்டுவிடுங்கள். ஒதுக்கப்பட்டதாக உணர்கிற நோயாளி இருமலை மறைப்பார், சோறு குறைவாகச் சாப்பிடுவார், பாதியில் மாத்திரையை நிறுத்துவார். மூன்றுமே வீட்டிலுள்ள மற்றவர்களைத்தான் பாதிக்கும்.

பயப்பட வேண்டிய இடம் அந்த ஏசி அறை. வீடுகளில் இருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. அதன் வடிகட்டி தூசியைப் பிடிக்கும், இந்தத் துகளைப் பிடிக்காது. இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால் காலை ஆறு மணி வரை ஐந்து பேரும் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். ஓர் அறையின் காற்று மணிக்கு இரண்டு முறை மாறினால், மிதக்கும் துகளில் 99 விழுக்காடு வெளியேற 138 நிமிடம் ஆகும். ஆறு முறை மாறினால் 46 நிமிடம், பன்னிரண்டு முறை மாறினால் 23 நிமிடம். சாத்தின ஏசி அறையில் இரண்டு முறைகூட மாறுவது சந்தேகம். எதிரெதிராக இரண்டு ஜன்னலோ, ஒரு ஜன்னலும் ஒரு கதவுமோ திறந்திருந்து காற்றோட்டம் இருந்தால் பன்னிரண்டை எளிதாகத் தாண்டும். மின்விசிறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜன்னல் மூடியிருக்கும்போது சீலிங் ஃபேன் காற்றைக் கலக்கும், மாற்றாது. டேபிள் ஃபேனை ஜன்னல் பக்கம் முகம் திருப்பி, அறைக்காற்றை வெளியே தள்ளும்படி வையுங்கள். மாமனாரின் படுக்கை அந்த ஜன்னலை ஒட்டி இருக்கட்டும். மற்றவர்கள் காற்று உள்ளே வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். கொசுவலை அடித்த ஜன்னலில் காற்று கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வராண்டாவோ மொட்டை மாடியோ அவர் படுக்க வசதியாக இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

இனி, இதுவரைக்கும் ஒட்டியிருக்குமா என்ற கேள்வி. இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அவர் அதிகம் பரப்பியிருக்கக்கூடிய காலம் மாத்திரைக்கு முந்தைய அந்த மூன்று மாதம். இப்போதைய ஒன்பது நாள் அதில் சிறு பகுதி. பெயர் தெரிந்த நாளில்தான் பயம் தொடங்குகிறது, ஆனால் ஆபத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. இதற்கு வலுவான சான்று சென்னையிலேயே கிடைத்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில் (டிபி நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) நல்ல உணவோடும் ஓய்வோடும் ஓராண்டு மருந்து எடுத்தது. மறு பாதி நெருக்கடியான ஏழை வீடுகளில் குடும்பத்தோடு இருந்தபடியே அதே மருந்தை எடுத்தது. 1959-ல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். இரு தரப்புக் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களுக்குக் கூடுதல் ஆபத்து இருக்கவில்லை. நோய் வந்த உறவினர்களில் பலருக்குத் தொற்று ஏற்கெனவே, சிகிச்சை தொடங்கும் முன்பே, போய்ச் சேர்ந்திருந்தது. உலகம் முழுக்க டிபிக்கு வீட்டிலேயே சிகிச்சை என்ற வழக்கம் வர இந்த ஆய்வு பெரிய காரணம்.

தொற்று என்பதும் நோய் என்பதும் ஒன்றல்ல. ஏழை, நடுத்தர நாடுகளில் டிபி நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களைப் பரிசோதித்த பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிருமித் தொற்று இருந்தது. ஆனால் பரிசோதித்த சமயத்தில் நோயாக இருந்தது நூற்றுக்கு மூன்று பேரிடம்தான். தொற்று உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். அதில் ஏறக்குறைய பாதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். மிச்சப் பேரின் உடம்பு கிருமியைச் சிறைப்படுத்தி வைத்துக்கொள்கிறது. அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை, அவர்கள் யாருக்கும் பரப்புவதும் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருந்து கண்டுபிடிப்பதற்கு முந்தைய காலப் பதிவுகளின்படி, தொற்றிய குழந்தை ஒரு வயதுக்குள் இருந்தால் இரண்டில் ஒருவருக்கு நோயாக மாறியது. இரண்டு முதல் ஐந்து வயதில் இது நூற்றுக்கு ஐந்து, ஆறு. உங்கள் மகன் இந்த இரண்டாவது வட்டத்தில் இருக்கிறான். பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசி மூளைக்காய்ச்சல் வகை டிபி, உடம்பு முழுக்கப் பரவும் டிபி ஆகியவற்றிலிருந்து நல்ல பாதுகாப்பு தருகிறது. நுரையீரல் டிபி வராமல் தடுக்கும் என்று அதை நம்பியிருக்க முடியாது. ஊசி போட்டாச்சே என்று பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எனவே இந்த வாரம் செய்ய வேண்டிய முதல் வேலை, மகனைக் குழந்தை மருத்துவரிடமோ மாமனார் பதிவு செய்த டிபி மையத்திலோ காட்டுவது. அங்கே கேட்பது இவைதான்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ உண்டா, கடந்த மூன்று மாதத்தில் எடை குறைந்ததா அல்லது ஏறாமல் நின்றுவிட்டதா, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, முன்போல் விளையாடாமல் சோர்ந்து படுக்கிறானா. தடுப்பூசி அட்டையில் எடை எழுதியிருப்பார்கள், கையோடு எடுத்துப் போங்கள். பழைய எடை தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடியும். பிறகு நெஞ்சு எக்ஸ்ரே. மூன்று வயதில் சளி துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்துச் சோதிப்பார்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், சில நிமிட வேலைதான்.

இவற்றில் நோய் இல்லை என்று தெரிந்தால், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தடுப்பு மாத்திரை தருவார்கள். தொற்றைக் காட்டும் தோல் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும், செய்யவே இல்லை என்றாலும் தருவார்கள். பலர் இங்கேதான் தயங்குகிறார்கள்: நோயே இல்லாத பிள்ளைக்கு எதற்கு ஆறு மாதம் மாத்திரை? ஏற்கெனவே உள்ளே போயிருக்கக்கூடிய கிருமியை, அது நோயாக வளரும் முன்பு அழிப்பதற்கு. வழக்கமான முறை, எடையில் கிலோவுக்கு சுமார் 10 மில்லிகிராம் ஐசோனியாசிட், தினமும், ஆறு மாதம். 13 கிலோ பிள்ளைக்குக் கணக்கு 130 மில்லிகிராம் வரும். கிடைக்கும் மாத்திரை அளவுக்கு ஏற்ப மருத்துவர் முடிவு செய்வார், நீங்களாக உடைத்துக் கொடுக்க வேண்டாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் நன்றாகச் சேரும். வாந்தி எடுத்தால் கொஞ்சம் உணவோடு கொடுக்கலாம். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வேளை. எது உங்கள் மையத்தில் கையிருப்பில் இருக்கிறதோ அதைத் தொடங்குங்கள். விருப்பமான மருந்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது நல்லதல்ல.

நோய் இருக்கிறதா என்று பார்க்காமல் தடுப்பு மாத்திரையை மட்டும் தொடங்கக்கூடாது. இதைக் கட்டாயமாகக் கவனியுங்கள். நோய் உள்ள உடம்பில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றுக்கு ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால், அந்த மருந்துக்கு மசியாத சில கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகும். மாமனாருக்கு ஒரே நேரத்தில் நான்கு மருந்து கொடுப்பதும் இதனால்தான். உறவினர் வீட்டில் மிச்சமிருந்த டிபி மாத்திரையைக் குழந்தைக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய தவறு.

இன்னொரு காகிதத்தையும் இன்று தேடி எடுங்கள். மாமனாரின் சளியை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் இயந்திரத்தில் பரிசோதித்த அறிக்கை. அதில் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். இல்லை என்றால் நான் இங்கே எழுதியவை உங்களுக்குப் பொருந்தும். எதிர்ப்பு உண்டு என்றாலோ, அந்தச் சோதனையே செய்யாமல் நுண்ணோக்கியில் பார்த்ததோடு விட்டிருந்தாலோ, விஷயம் மாறும். மருந்துக்கு மசியாத டிபியில் வழக்கமான மாத்திரை பரவலை நிறுத்தாது, குழந்தைக்கான தடுப்பு மருந்தும் வேறாகும். நுண்ணோக்கி அறிக்கையில் 1+, 2+, 3+ என்று எழுதியிருந்தால், எண் கூடக் கூடச் சளியில் கிருமி அதிகம், பரப்பும் வாய்ப்பும் அதிகம் என்று பொருள். நெகட்டிவ் என்றால் வாய்ப்பு குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இதைப் படிக்கும் வேறு சிலர் வீட்டில் கழுத்து நெறிக்கட்டி டிபியோ, எலும்பு டிபியோ, வயிற்று டிபியோ இருக்கலாம். நுரையீரலில் இல்லை என்று எக்ஸ்ரேயில் உறுதியாகிவிட்டால் அவை பக்கத்தில் இருப்பவருக்குப் பரவுவதில்லை.

இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் பரவாது என்று உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் உறுதியானதும் உறுதியில்லாததும் கலந்திருக்கிறது. மருந்துக்கு மசியும் கிருமியாக இருந்து, மாத்திரையைத் தவறாமல் விழுங்கினால், பரப்பும் திறன் முதல் சில நாட்களிலேயே வேகமாக விழுகிறது என்பது உறுதி. சரியாகப் பதினான்காம் நாளில் அது பூஜ்ஜியமாகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு வாரம் என்பது பாதுகாப்புக்காக வைத்துக்கொண்ட ஒரு வசதியான எல்லை. சிலருக்கு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நுரையீரலில் பெரிய குழி விழுந்தவர்களுக்கு அதைத் தாண்டியும் போகலாம். சளியில் செத்த கிருமிகளும் தெரியும் என்பதால், மூன்றாவது வாரத்தில் நுண்ணோக்கியில் கிருமி தெரிந்தாலே பரப்புகிறார் என்று சொல்லிவிட முடியாது. இருமல் தொடர்வதும் அப்படித்தான். புண்பட்ட நுரையீரல் ஆற மாதங்கள் ஆகும்.

இதை வைத்து உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது. மாத்திரையின் முதல் இரண்டு வாரம் முடியும் வரை மாமனார் தனியாகவோ திறந்த இடத்திலோ படுக்கட்டும். வீட்டுக்குள் மற்றவர்களோடு இருக்கும்போது அவர் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்டால் போதும். வெளிவரும் துளியைத் தடுப்பதுதான் நோக்கம். நனைந்தால் மாற்ற வேண்டும். அடைத்த அறைக்குள் அவருக்கு உதவி செய்பவர் இந்த நாட்களில் என்95 போடுவது நல்லது. மூக்குப் பாலத்தின் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல் இருக்கிறதா என்று பார்த்துப் போடாவிட்டால் என்95க்கும் துணிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பேரனும் தாத்தாவும் பார்த்துக்கொள்வதை நிறுத்த வேண்டாம். வாசலிலோ மாடியிலோ, பகல் வெளிச்சத்தில், தாத்தா மாஸ்க்கோடு, கதை சொல்லிக்கொண்டு இருக்கலாம். வெளிக்காற்றில் துகள் கலைந்து நீர்த்துவிடும், வெயிலில் கிருமி சாகும். ஒரே பாயில் படுப்பதை மட்டும், இரண்டு மாத முடிவில் எடுக்கும் சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்று வரும் வரை தள்ளிப்போடச் சொல்வேன். இந்தக் கடைசிப் பேச்சு என் சொந்த எச்சரிக்கை. இரண்டு வாரம் போதும் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

சளியை அவர் எங்கே துப்புகிறார் என்றும் பாருங்கள். மூடி உள்ள சின்ன டப்பா ஒன்று போதும். அரை லிட்டர் தண்ணீரில் புதிதாகத் திறந்த பிளீச்சிங் பவுடர் 15 கிராம் கரைத்து, தெளிந்த நீரைக் கொஞ்சம் டப்பாவில் ஊற்றி வையுங்கள். துப்பியதை ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விடலாம். கரைசலைத் தினமும் புதிதாகச் செய்யுங்கள், பழசாகிவிட்டால் வேலை செய்யாது. அதோடு ஆசிடையோ கழிவறை கழுவும் திரவத்தையோ கலக்கவே கூடாது, மூச்சைத் திணறடிக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

பெரியவர்களில் முதலில் கவனிக்க வேண்டியவர் உங்கள் கணவர். சர்க்கரை இருப்பவருக்குத் தொற்று நோயாக மாறும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு. இருமல் இல்லையே என்று இருக்க வேண்டாம். 2019 முதல் 2021 வரை இந்தியா முழுக்க நடந்த டிபி கணக்கெடுப்பில் கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் எக்ஸ்ரேயால் மட்டுமே சிக்கியவர்கள். அறிகுறியைக் கேட்டு மட்டும் தேடியிருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள். ஆகவே கணவர், மாமியார், நீங்கள் மூவரும் எக்ஸ்ரே எடுங்கள். கணவர் மூன்று மாத சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளட்டும். இந்திய அரசின் டிபி ஒழிப்புத் திட்டத்தின் இப்போதைய வழிகாட்டுதலில், நோய் இல்லை என்று உறுதியான பிறகு வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் தடுப்பு மாத்திரை தரலாம். வசதி இருக்கும் இடங்களில் அதற்கு முன் தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ கேட்பார்கள்.

அந்தப் பரிசோதனைகளைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள், வீணாகப் பயப்பட மாட்டீர்கள். கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்தில் தடிப்பை அளக்கும் தோல் பரிசோதனையும், டிபி கோல்ட் என்று லேபில் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் கிருமியை உடம்பு எப்போதாவது சந்தித்ததா என்று மட்டும்தான் சொல்லும். எப்போது, யாரிடமிருந்து, இப்போது நோய் இருக்கிறதா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. நம் ஊரில் வளர்ந்த பெரியவர்களில் கணிசமானவர்களுக்கு பாசிட்டிவ் வரும். தொற்றிய இரண்டு முதல் எட்டு வாரம் வரை நெகட்டிவ்வாகவே இருக்கும் என்பதால், நாளைக்கே எடுத்து நெகட்டிவ் என்று வந்தாலும் அதை இறுதியாக எடுத்துக்கொள்ள முடியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்து டிபி என்று சொல்லும் பழைய கிட்டுகளை இந்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. யாராவது அதை எழுதிக்கொடுத்தால் செய்ய வேண்டாம்.

பெரியவர்கள் தடுப்பு மாத்திரை எடுத்தால் கவனிக்க வேண்டியது கல்லீரல். பசியின்மை, குமட்டல், இனம் தெரியாத களைப்பு, கண் மஞ்சளாவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைய மாத்திரையை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி வரை காத்திருக்க வேண்டாம். ரிஃபாபென்டின் எடுத்தால் சிறுநீரும் வியர்வையும் ஆரஞ்சு நிறமாகும், அது மருந்தின் நிறம்தான். மாமனாருக்கும் அப்படித்தான் போகும். ஐசோனியாசிட்டால் கால் விரல் மரத்துப்போகாமல் இருக்க பி6 மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள், சர்க்கரை உள்ளவருக்கு அது கட்டாயம். ரிஃபாபென்டின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும், ஆகவே கணவர் வீட்டிலேயே அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும். நீங்கள் கர்ப்பத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதுவும் சரியாக வேலை செய்யாது. வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள். இந்தக் காலத்தில் மது கூடவே கூடாது.

சாப்பாட்டை நான் இரண்டாம் பட்சமாக வைக்க மாட்டேன். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. டிபி நோயாளி வீட்டிலிருந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டால், கொடுத்த குடும்பங்களில் புதிதாக டிபி வருவது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது. அங்கே இருந்த பட்டினி உங்கள் வீட்டில் இருக்காது, ஆகவே அதே அளவு பலனை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் மாமனாருக்கு முட்டை, பருப்பு, சுண்டல், பால் தாராளமாகக் கொடுங்கள்; பிள்ளையும் மாமியாரும் எடை குறையாமல் இருக்கிறார்களா என்று பாருங்கள். மாமனாரின் பெயர் டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்‌ஷய் பதிவில் ஏறியிருந்தால் சிகிச்சைக் காலம் முழுக்க மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். தனியார் மருத்துவமனையில் பார்த்தாலும் இந்தப் பதிவும் இலவச மருந்தும் உண்டு. சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அம்மா வீட்டுக்குப் போவதைப் பற்றி இப்போது சொல்கிறேன். மாமனார் தனியாகப் படுக்க உங்கள் வீட்டில் எந்த வழியும் இல்லை என்றால், முதல் இரண்டு, மூன்று வாரம் பிள்ளையோடு அங்கே போயிருப்பதில் தவறில்லை. ஆனால் பிள்ளையைப் பரிசோதித்து, மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு போங்கள். உள்ளே போயிருக்கும் கிருமி ஊர் மாறினால் போகாது. அம்மா வீட்டுக்குப் போனதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பரிசோதனையை விட்டுவிடுவதுதான் நான் பயப்படும் விஷயம். வராண்டாவோ மாடியோ இருந்தால் போக வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்றும் யோசியுங்கள். மாமனார் மாத்திரையைத் தினமும் விழுங்குகிறாரா என்று யார் பார்ப்பார்கள்? முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று மருந்து. இரண்டாவது மாதத்தில் இருமல் நின்று, எடை ஏறி, முகம் தெளிந்துவிடும். அந்த நேரத்தில்தான் நிறையப் பேர் நிறுத்துகிறார்கள். நிறுத்தியவருக்குத் திரும்ப வரும்போது அது மருந்துக்கு மசியாததாக இருக்கலாம், அப்போது வீட்டிலுள்ள எல்லாருக்கும் மறுபடி முதலிலிருந்து ஆபத்து. அவர் மாத்திரையைக் கண்ணால் பார்த்து நாள்காட்டியில் குறிக்கும் ஒருவர் வீட்டில் இருப்பது எந்த மாஸ்க்கையும்விடப் பெரிய பாதுகாப்பு.

தினமும் தொண்டையை டார்ச் அடித்துப் பார்க்கிறேன், லேசாகச் செருமினாலும் தூக்கம் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பயம் நியாயமானது. ஆனால் டிபி தொண்டையில் தெரியாது, ஒரே நாளில் வராது. தொற்றி நோயாக மாற வாரங்களோ மாதங்களோ வருடங்களோ ஆகும். தினமும் பார்ப்பதால் எதுவும் தெரியவராது, மாதம் ஒருமுறை பார்த்தால் தெரியவரும். மாதத்தின் ஒரு தேதியைக் குறித்து எல்லாருடைய எடையையும் ஒரே தராசில் எடுத்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல், சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் சளி கொடுங்கள். எதுவும் வராவிட்டாலும் இரண்டு ஆண்டுகள் வரை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் யாருக்காவது இருமல் வந்தால் மருந்துக்கடையில் லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்க வேண்டாம். அது டிபி கிருமியையும் பாதி அடக்கும். பரிசோதனையில் நெகட்டிவ் காட்டி, நோயைச் சில வாரம் மறைத்துவிடும்.

பிள்ளை விஷயத்தில் மட்டும் நாள் கணக்கும் பார்க்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. காய்ச்சலோடு திரும்பத் திரும்ப வாந்தி, காரணமில்லாமல் தூங்கி வழிவது, கூப்பிட்டால் சரியாகப் பார்க்காதது, கழுத்தை மடக்க முடியாமல் அழுவது, வலிப்பு, திடீரென்று மாறுகண். இவை மூளைக்காய்ச்சல் வகை டிபியாக இருக்கலாம், வேறு காரணமாகவும் இருக்கலாம். எதுவென்று வீட்டில் முடிவு செய்ய முடியாது. நேரம் நள்ளிரவானாலும் குழந்தை மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வீட்டில் தாத்தாவுக்கு டிபி இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.